சி டிரைவும் பொன்னாடையும்

கேரளத்துச் சேர்த்தலையில் யாராவது சுகதனைப் பார்த்து, "உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கிறதாலதான் எங்க கம்ப்யூட்டரெல்லாம் பிழைச்சிருக்கு" என்று சொன்னால், அந்த நேரத்தில் அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஊசியோடு வரும் நர்சைக் கண்ட பிள்ளையைப் போல ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வான். தெரியாதவர்கள் அதை அடக்கம் என்கிறார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் இருக்கிறது. அந்தப் பக்கம் அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, இந்தப் பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் கடை. அவன் தும்மினால் எனக்குச் சளி பிடிக்கும்.

செங்கோட்டையிலிருந்து நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து தலையும் நரைத்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் 'அம்பிகா சேச்சி' என்றால் கண்டக்டர்கள்கூடக் கடையைக் காட்டுவார்கள். சுகதன் கடை போட்டபோது தட்டிக்கு ஆணி அடித்தது என் வீட்டுக்காரர்தான். அதனால் அவனைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. அதை நான் வீணாக்கியதும் இல்லை.

அவனுடைய அப்பா குமாரன் வெள்ளையடிக்கிற வேலை செய்தவர். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலே ஒரு பூச்சு இழுத்துவிட்டுக் கூலி வாங்குகிறவனை அவர் மனுஷனாகவே மதிக்கமாட்டாராம். சுகதன் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கம்ப்யூட்டருக்கு மாட்டிக்கொண்டான். கம்ப்யூட்டருக்குள் இருந்து அதை ஓட்டுவது விண்டோஸ். அது பழசாகிப்போனால் இரண்டு வழி இருக்கிறதாம். இருப்பதை இருக்கிறபடி விட்டு அதன் மேலேயே புதியதை ஏற்றலாம். அல்லது எல்லாவற்றையும் அடியோடு துடைத்துவிட்டு முதலிலிருந்து புதிதாகப் போடலாம். சுகதனுக்கு முதல் வழி என்ற பேச்சே ஆகாது. மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுபோனாலும் துடைப்பான், பாட்டுக் கேட்கவில்லை என்று கொண்டுபோனாலும் துடைப்பான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறாயே என்று நான் கேட்டால், "கொளுத்தினாத்தான் சேச்சி மூட்டைப்பூச்சி போகும்" என்பான். ஊரில் அவனுக்கு ஃபார்மேட் சுகதன் என்று பெயர். தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைத்து அனுப்புவான் என்று எதிர்த்த சாயாக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

துடைப்பதற்கு வசதியாக அவன் ஒரு பழக்கத்தை ஊருக்கே கற்றுக்கொடுத்திருந்தான். யார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் உள்ளே இருக்கும் டிஸ்கை இரண்டாகத் தடுத்துக் கொடுப்பான். முன் அறை சி டிரைவ், அது விண்டோஸ் குடியிருக்கும் இடம். பின் அறை டி டிரைவ். அங்கேதான் நம்முடைய போட்டோ, கல்யாண வீடியோ, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் இருக்க வேண்டும். சி-யில் எதை வைத்தாலும் அவன் பொறுப்பல்ல. "சி சுகதனுக்கு, டி நமக்கு" என்று வயதான டீச்சர்கள்கூட வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். ஆட்டோ ஓட்டும் அவுதா சேட்டன் சீட்டுக்கு அடியில் ஒரு குப்பியை ஒளித்துவைத்திருப்பார். அதற்கு டி டிரைவ் என்றே பெயர் வைத்திருந்தார்.

அந்த அவுதாவின் மனைவிதான் எல்சம்மா. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டுகிற பூத்தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். திருப்பூரில் ஒரு கடையில் பழையதாக வாங்கியது. கூடவே ஒரு புரோகிராமும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். எல்சம்மா அதைப் 'பூ புரோகிராம்' என்பாள். திரையில் அவள் பூ வரைந்தால் அது தையலாக மாற்றி மெஷினுக்குச் சொல்லும். நைட்டிக் கழுத்து, பள்ளிக்கூடச் சட்டையின் பேட்ஜ், பாதிரியார்களின் அங்கி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. மகள் ஜின்சியை நர்ஸ் படிக்கவைத்து அயர்லாந்துக்கு அனுப்பியது அந்தப் பூக்கள்தான்.

அந்த வருஷம் சர்ச் பெருநாளுக்கு, ஊர்வலத்தில் பிடிக்கிற முத்துக்குடைகளுக்குப் புதுத் துணி போட முடிவாயிற்று. எப்போதும் எர்ணாகுளத்துக் கடையில்தான் செய்வார்கள். இந்தத் தடவை எல்சம்மா கமிட்டியில் போய் நின்று, நான் செய்கிறேன் என்றாள். செக்ரட்டரி முகத்தைச் சுளித்தார், சர்ச் பாதிரியாரான அச்சன்தான் அவளிடம் கொடுக்கச் சொன்னார். பெருநாள் புனிதரின் அடையாளமான அம்பைச் சுற்றி லில்லிப்பூ படர்ந்த மாதிரி ஒரு வடிவத்தை அவளே வரைந்தாள். மழைக்காலம் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் போனில் அதைக் காட்டுவாள், எனக்கும் காட்டினாள். குடையின் அளவுக்குப் பெரிதாக்கித் தைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் அந்தத் தொல்லை தொடங்கியது. புது விண்டோஸ் வந்திருக்கிறது, இலவசமாக ஏற்றிக்கொள் என்று திரையில் ஒரு அறிவிப்பு வந்து நின்றுகொண்டே இருந்தது. மூடினால் மறுபடி வரும். தைத்துக்கொண்டிருக்கும்போது தானாகவே ஏறத் தொடங்கிவிடுமோ என்று அவளுக்குப் பயம். மகளிடம் கேட்டாள். அம்மா, எதுவும் போகாது, மேலேயே ஏற்றிவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன் என்று ஜின்சி சொல்லிவிட்டாள். அவுதா சிபியு பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஆட்டோவின் பின் சீட்டில் பிரசவத்துக்குப் போகிறவளைப் போலச் சாய்த்துவைத்துக் கொண்டுவந்தார். எல்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சுகதா, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும். மேலேயே புதுசை ஏத்திக் குடு. எதையும் துடைச்சிராத."

"அதுக்கென்ன சேச்சி, அப்படியே செஞ்சிரலாம்" என்றான் சுகதன்.

ஆட்டோ திரும்பிப் போனதும் தட்டிக்கு மேலே அவன் தலை எழும்பியது. "அயர்லாந்துல இருந்து டாக்டர் சீட்டு வந்திருக்கு சேச்சி. குளிக்காமலேயே புதுச் சட்டை போடணுமாம்." நானும் சிரித்தேன். சிரிக்கிற மாதிரித்தான் சொன்னான்.

அவன் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்லது செய்வதாகவே நினைத்தான். இவளுக்கு என்ன தெரியும், சுத்தமாகப் போட்டுக் கொடுத்தால் பறக்கும், அப்புறம் அவளே வந்து கும்பிடுவாள் என்பது அவன் கணக்கு. முன் அறையில் சிதறிக்கிடந்த போட்டோவையும் பாட்டையும் பொறுக்கிப் பின் அறைக்கு மாற்றினான். ஒன்று விடவில்லை, அந்த விஷயத்தில் அவன் கறார். பிறகு சி-யை அடியோடு துடைத்தான். புது விண்டோஸ் போட்டான். அவுதா வந்து வாங்கிக்கொண்டு போகும்போது, ஒரு போட்டோகூடப் போகவில்லை என்று சத்தியம் செய்து அனுப்பினான். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை.

மறுநாள் காலையில் எல்சம்மா தனியாக நடந்து வந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "படம் எல்லாம் இருக்கு. பூ எல்லாம் இருக்கு. ஆனா திறக்க மாட்டேங்குது சுகதா. என் பூ புரோகிராமைக் காணோம்."

அந்தப் புரோகிராம் சி-யில் இருந்தது. சி சுகதனுக்கு என்றால், அங்கே இருக்கிறது யாருடையது என்று பார்க்கிற பழக்கமே அவனுக்கு இல்லாமல் போயிருந்தது. ஒன்றுமில்லை சேச்சி, சிடி இருந்தால் கொடுங்கள், போட்டுவிடுகிறேன் என்றான். அவள் பத்திரமாக வைத்திருந்தாள். போட்டான். பூ புரோகிராம் ஏறியது, ஏறியதும் ஒரு நீளமான எண்ணைக் காட்டி, இதை விற்றவர்களிடம் சொல்லி வேறொரு எண் வாங்கி வா, அப்போதுதான் கதவைத் திறப்பேன் என்றது. சிடி உறையில் திருப்பூர் போன் நம்பர் இருந்தது. சுகதன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான், தமிழில் பேச ஆள் வேண்டுமே.

எடுத்தவர் மரியாதைக்காரர். "அவுங்க கடையக் காலி பண்ணிட்டு சூரத்துப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சுங்க அக்கா. இப்ப இது கோழித் தீவனக் கடைங்க. தீவனம் ஏதாச்சும் வேணுங்களா?"

நான் சொன்னதைக் கேட்டதும் சுகதன் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அடுத்து வந்த நாட்களில் அவன் பார்க்காத வழி இல்லை. எர்ணாகுளத்தில் அவனோடு படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டான். துடைத்ததை மீட்கிற வித்தைகளைச் செய்து பார்த்தான். வேறு கம்பெனியின் புரோகிராமை வாங்கலாமா என்று விசாரித்தான். அதன் விலைக்கு எல்சம்மா ஷெட்டையே விற்க வேண்டும், அப்படி வாங்கினாலும் அவளுடைய பழைய பூக்களை அது திறக்காது. அவள் வரைந்தது எல்லாம் டி-யில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சாவி போன பீரோவுக்குள் இருக்கிற பட்டுச்சேலை மாதிரி.

கடைசியில் எல்சம்மாவும் அவுதாவும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அன்று கடையில் கூட்டம். பேங்க்காரர் ஒருவர் லேப்டாப்போடு நின்றார், ஹைஸ்கூல் கிளார்க் நின்றார், சாயாக்கடைக்காரனும் கிளாஸ் எடுக்க வந்தவன் அங்கேயே நின்றான். எல்சம்மா கேட்டாள், "மேலேயே ஏத்தத்தானே சொன்னேன் சுகதா? அப்புறம் எப்படிப் போச்சு?"

குரலை உயர்த்திக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் சேச்சி, நீங்கள் சொன்னதைக் கேட்காமல் துடைத்துவிட்டேன் என்று அங்கேயே சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டு வாங்கியிருப்பான், சாயாக்கடையில் ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். மானம்தான் பெரிதாகத் தெரிந்தது அவனுக்கு.

"மேலேதான் ஏத்த ஆரம்பிச்சேன் சேச்சி. பாதியில பார்த்தா டிஸ்க் போற நிலைமை. நான் பார்க்காம இருந்திருந்தா எல்லாம் போயிருக்கும். அவசரத்துல டி-யை மட்டும்தான் காப்பாத்த முடிஞ்சுது."

"அன்னிக்கே சொல்லலியே நீ?" என்றார் அவுதா.

"சேச்சி பயந்துருவாங்கன்னுதான்..."

எல்சம்மா மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன் மேல சந்தேகப்பட்டுட்டேன் மோனே. ராத்திரியெல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேன். மன்னிச்சிரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். மறைத்தவனிடமே பூசணிக்காயைப் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றான். காதிரண்டும் சிவந்துபோயிருந்தது.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தீனியும் போட வேண்டும். டிஸ்க் போகிற நிலைமை என்றால் புது டிஸ்க் மாட்ட வேண்டும் அல்லவா? அவுதாவே கேட்டார், நல்லதாக மாட்டிவிடு என்று. ஒரு குறையும் இல்லாத டிஸ்கைக் கழற்றிவிட்டு சுகதன் புதிய டிஸ்க் மாட்டினான். அவுதா பணத்தை மேஜையில் வைத்தபோது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாங்கிப் பெட்டியில் போட்டான். அவர்கள் போன பிறகு நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்த டிஸ்க் கெட்டுப்போச்சு சுகதா?" என்று கேட்டேன். "சேச்சி, நீங்களாவது கேக்காதீங்க" என்றான். கழற்றிய டிஸ்கை மேஜையின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான்.

எல்சம்மா சும்மா உட்காரவில்லை. முன்பு சோதனைக்காகத் தைத்துப் பார்த்த ஒரு கைக்குட்டையளவு துணி அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவளுடைய வார்டுப் பெண்கள் சர்ச் ஹாலில் உட்கார்ந்து கையாலேயே லில்லிப்பூவைத் தைத்தார்கள். ஒரு பூ பருத்தும் ஒரு பூ சூம்பியும் இருந்தது. ஊர்வலத்தில் குடைகள் விரிந்தபோது பெண்களெல்லாம் ஆகா என்றார்கள், ஆண்கள் தலையை ஆட்டினார்கள். ஆனால் அடுத்த வருஷம் பழையபடி எர்ணாகுளத்திலேயே கொடுத்துவிடலாம் என்று செக்ரட்டரி சொல்ல, கமிட்டியும் சரி என்றுவிட்டது. பள்ளிக்கூட பேட்ஜும் மெஷின் நின்ற வாரமே வேறு கைக்குப் போயிருந்தது.

பெருநாள் முடிந்து, உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். இந்த ஊரில் நாலு பேர் கூடினால் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் கலைய மாட்டார்கள். சமையல்காரருக்கு ஒன்று, பேண்டு மாஸ்டருக்கு ஒன்று. சுகதனுக்கும் ஒன்று போர்த்த வேண்டும் என்று பெயர் கொடுத்தது எல்சம்மா. அவன் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளப் பார்த்தான். அவன் மனைவி பிரசன்னா விடுவாளா? நம் வீட்டு ஆளை சர்ச்சில் கூப்பிட்டு மரியாதை செய்கிறார்கள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்து, வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நமக்குத் தெரியாத ஆபத்தை நமக்கு முன்னால் பார்த்தவர், பார்த்ததைச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொள்ளாதவர் என்று அச்சன் மைக்கில் பேசினார். எல்சம்மாவே பொன்னாடையைப் போர்த்தினாள். சுகதன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் பாவம் என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் ஏன் என்று திரும்பிப் பார்ப்பார்களே. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிரசன்னா அந்தப் பொன்னாடையை மடித்து, ஹாலில் கண்ணாடி அலமாரியில் பிள்ளைகளின் கப்புகளுக்கு நடுவில் வைத்தாள். சுகதன் அன்றிலிருந்து அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று அவளே என்னிடம் சொன்னாள், கண்பட்டுவிட்டதோ என்று கேட்டாள். கடையில் வியாபாரம் ஏறியது. வைக்கத்திலிருந்தெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எல்சம்மாவின் டிஸ்கைக் காப்பாற்றிய ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டு. கூட்டம் இல்லாதபோது அவன் இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய டிஸ்கை எடுத்து மாட்டிச் சோதித்துப் பார்ப்பான். அது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஆசை. அதுவோ கல்லுப் போல இருந்தது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டா. நீ கை நீட்டி வாங்கிக்கிட்ட. பொன்னாடையும் போர்த்திக்கிட்ட. இன்னும் எத்தனை நாள் இந்த டிஸ்கைத் தடவிக்கிட்டு இருப்ப? போய்ச் சொல்லிட்டு வா. இல்லேன்னா நான் சொல்லிருவேன்" என்றேன்.

சொல்ல மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் எழுந்தான். டிஸ்கை ஒரு துணிப்பையில் போட்டான், புது டிஸ்குக்கு வாங்கிய பணத்தையும் எடுத்து வைத்தான். "நீங்களும் வாங்க சேச்சி. தனியா போனா வழியிலயே திரும்பிருவேன்." நைட்டி அளவு கொடுக்கிற சாக்கில் நானும் போனேன்.

எல்சம்மா ஷெட்டில் சாதாரணத் தையல் மெஷினில் நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பூத்தையல் மெஷின் மேலே படுக்கை விரிப்பு மூடியிருந்தது, அதே விரிப்புதான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கட்டன் சாயா போடட்டுமா, கப்பைக் கிழங்கு வெந்திருக்கிறது என்று பரபரத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு சுகதன் நின்றபடியே சொன்னான். அவன் கண் முழுக்கத் தரையில் கிடந்த நூலில் இருந்தது.

"டிஸ்க் கெடல சேச்சி. நீங்க துடைக்காதேன்னு சொன்னீங்க. நான் துடைச்சிட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். அப்புறம் அத்தனை பேர் முன்னால கேட்டதும் வாய் பொய் சொல்லிருச்சு."

எல்சம்மா உட்கார்ந்தாள். துணியை மடியில் வைத்து நீவினாள். துணிப்பையை அவன் நீட்டினான், வாங்கிப் பார்த்தாள். "இதுக்குள்ள என் புரோகிராம் இன்னும் இருக்கா?"

"இல்ல சேச்சி. துடைச்சதுக்கு அப்புறம்தான் இதைக் கழட்டினேன்."

"அப்ப இதை எதுக்குக் கொண்டுவந்த?"

அவன் பணத்தை எடுத்து மெஷின் மேலே வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அழுவாள் என்று நான் நினைத்தேன், அல்லது செருப்பால் அடிப்பாள் என்று. அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, அவுதாவின் ஆட்டோ வந்துவிட்டதா என்று கவனித்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன் சுகதா. அச்சன்கிட்ட சொன்னேன், கமிட்டியில சொன்னேன், ஜின்சிகிட்ட சொன்னேன். துடைச்சிருப்பான்மா, அவன் பொய் சொல்றான்னு அவ அன்னைக்கே சொன்னா. நான் அவகிட்ட சண்டை போட்டு ஒரு வாரம் பேசல. என் கையாலயே உனக்குப் பொன்னாடை போர்த்தினேன். இப்ப போய் நீ உண்மையைச் சொன்னா என்னை என்னன்னு சொல்லுவாங்க? ஏற்கெனவே இவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டவங்க அவங்க. ஏமாந்ததுமில்லாம ஏமாத்தினவனுக்குப் பொன்னாடையும் போர்த்தினாள்னு சிரிக்க மாட்டாங்க?"

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன் சேச்சி. என் தப்புன்னு..."

"வாயைத் திறக்காத. பணத்தையும் எடுத்துக்க. திருப்பிக் குடுத்தா ஏன்னு அவுதா கேப்பாரு. டிஸ்க் போற நிலைமையில இருந்துச்சு. அவ்வளவுதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "அளவு கொண்டுவந்தீங்களா அம்பிகா சேச்சி?" என்றாள். கொண்டுவந்த பழைய நைட்டியைக் கொடுத்தேன். சுகதன் பணத்தை எடுத்துக்கொண்டு, டிஸ்கையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் நடந்தான். திட்டு வாங்கினால் ஆறிவிடும் என்று நினைத்துப் போனவன். அதைக்கூட அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. வழியில் பாலத்தில் நின்று அந்த டிஸ்கைக் காயலில் எறியப் போனான், என்ன நினைத்தானோ, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

இப்போது சுகதன் மேலேயே ஏற்றுகிறான். துடைக்கத்தான் வேண்டும் என்கிற கம்ப்யூட்டரானால், உடையவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து காட்டச் சொல்கிறான். இது யார் கொடுத்தது, சிடி இருக்கிறதா, போன் நம்பர் இருக்கிறதா, அந்த நம்பரில் இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டு அவர்களைச் சலிக்க வைக்கிறான். சி சுகதனுக்கு என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால் எரிந்து விழுகிறான். ஆள் ரொம்ப மெதுவாகிவிட்டான், பெரிய பேர் வந்தால் இப்படித்தான் என்கிறது சாயாக்கடை.

போன மாதம் ஒரு டீச்சர் லேப்டாப்பைக் கொண்டுவந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றாள். எல்லாம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அந்த நேரம் பார்த்து எல்சம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்திருந்தாள். சாயாக்கடைக்காரன் சும்மா இருப்பானா? இதோ நிற்கிறாங்களே, இவங்க டிஸ்கைத்தான் காப்பாத்தினான், நீங்களே கேட்டுப் பாருங்க டீச்சர் என்று கையைக் காட்டிவிட்டான்.

டீச்சர் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் சத்தம் நின்றது.

எல்சம்மா பர்ஸைத் திறந்து சில்லறை தேடிக்கொண்டே சொன்னாள், "ஆமா டீச்சர். டிஸ்க் போற நிலைமை. அவன் பார்க்காம இருந்திருந்தா எல்லாம் போயிருக்கும்."

ஒரு வார்த்தை மாறாமல், அன்று அவன் அவளிடம் சொன்னபடியே சொன்னாள். ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவன் கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். டீச்சர் நிம்மதியாகப் போய் லேப்டாப்பை அவன் மேஜையில் வைத்தாள். நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். சுகதன் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஸ்குரூவை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தான்.